மஞ்ச வைக்காம அனுப்புன பொட்டிக

ஐப்பசி 9, திங்கள். விடிஞ்சதுலேருந்து தூறல்

அதத்தான் நானும் கேக்குறேன் மீனாச்சித் தாயே, நீயே சொல்லு. ஊறுகா பாட்டிலுக்கும் தொவைக்கிற சோப்புக்கும் நடுவுல ஒக்கார வேண்டிய சாமானா அது? பதினெட்டு வருசமா நம்ம கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள, தூசி படாம வச்சு வித்த ஸ்பீக்கரு. வாரவுகள ஒக்கார வச்சு, காபி குடுத்து, கதவச் சாத்தி, அரை மணி நேரம் பாட்டுப் போட்டுக் காட்டி வித்தது. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி.

பக்கத்துக் கடை இப்ராஹிம் பாய்தான் வந்து சொன்னாரு. பல்பு, ஒயரு வியாபாரம். நேத்து பேத்தியக் கூட்டிக்கிட்டு திருமங்கலம் ரோட்டுல புதுசாத் தொறந்த கடைக்குப் போயிருக்காரு. அதுக்கு என்னமோ பேரு, வாயில நுழையல. நான் சல்லிசுக்கடைன்னுதான் சொல்றது. அரிசியிலேருந்து அண்டா வரைக்கும் எல்லாம் வெலை கம்மி.

"தங்கச்சி, ஒங்க கம்பெனி ஸ்பீக்கரு அங்க மலையா அடுக்கிக் கெடக்கு. மாப்ள கம்பெனியில வாங்குற வெலையவிடக் கம்மியா வெலை போட்டு ஒட்டிருக்கான்."

"வேற எதையாச்சும் பாத்திருப்பீக பாய்."

"யா அல்லா! நாப்பது வருசமா ஒயரு விக்கிறேன், எனக்கு ஸ்பீக்கரு தெரியாதா? எம் பேத்தி அதும்மேல ஏறி ஒக்காந்து சிப்ஸ் திங்குது."

மாப்ளன்னது எங்க வீட்டுக்காரவுகள. அவுக காதுலயும் விழுந்துருச்சு. அலமாரிக் கண்ணாடியத் தொடச்சாக. தொடச்சதையே மறுபடியும் தொடச்சாக.

பதினோரு மணிக்குக் கம்பெனித் தம்பி பிரவீன் வந்துச்சு. இந்தப் பக்கத்துக்கு மேனேஜரு. கோயமுத்தூர்ப் பிள்ளை, எப்ப வந்தாலும் என் கையால காபி கேக்கும். இன்னைக்குக் கேக்கல. ஒக்காரவும் இல்ல. ஒரு லெட்டர நீட்டுச்சு.

"சார், அந்தக் கடையில ஹெட் ஆபீஸ் ஆளு ஒரு பீஸ் வாங்கிப் பாத்திருக்காரு. அதுல இருக்க நம்பர், உங்க கடைக்கு அனுப்புன நம்பர்."

"என்ன தம்பி சொல்றீக?"

"யாரோ டீலர் பின்வாசல் வழியா அங்க தள்ளி விடுறாங்கன்னு பேச்சு இருந்துச்சு சார். இப்ப நம்பர் கெடச்சிருக்கு. ஏழு நாள் டைம். பதில் திருப்தியா இல்லேன்னா டீலர்ஷிப் கேன்சல். போர்டையும் எறக்கணும்."

போர்டு எறக்குறதா? அந்தப் போர்டுக்கு நான் வருசா வருசம் ஆயுத பூசைக்குத் திருநீறு பூசி மால போடுறேன்.

அவுக பெரிய நோட்ட எடுத்தாக. அந்தப் பழைய மாடல் மொத்தம் பதினாலு வந்துச்சு. ஒண்ணுகூட விக்கல. ஆனியில புது மாடல் வருதுன்னு கம்பெனி வண்டியே வந்து பதிமூணத் திருப்பி எடுத்துட்டுப் போச்சு. மிச்சம் ஒண்ணு. அதுக்குப் பில்லும் இல்ல, கடையிலயும் இல்ல. அப்ப எவனும் எண்ணிப் பாக்கல. மகளுக்குப் பிரசவம், பிள்ளைக்கு மஞ்சக்காமாலை, நாங்க வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் அலஞ்சு முடிச்சு மூச்சு விட்ட நேரம்.

கம்பெனி கண்டுபிடிச்சது ஒண்ணு. எங்க நோட்டுல காணாததும் ஒண்ணு.

செல்வத்தக் கூப்பிட்டாக. அவுக தம்பி, என் கொழுந்தன். கல்யாண மண்டபம், கோயில்னு ஸ்பீக்கரு மாட்டப் போறதெல்லாம் அவன்தான். குடோன் சாவி அவன் இடுப்புல.

"அந்த ஒண்ணு எங்கடா?"

செல்வம் என்னையப் பாத்தான். பெறகு தரையப் பாத்தான். "தெரியலண்ணே"ன்னுகூடச் சொல்லல.

மத்தியானம் யாரும் சரியாச் சாப்பிடல. வச்ச சாம்பார் அப்படியே இருக்கு.

நாளைக்கு வாங்க: கற்பூரம், பேரனுக்கு வசம்பு, அவுகளுக்குப் பிரசர் மாத்திர.


ஐப்பசி 10, செவ்வாய். வெயில் சுள்ளுனு

துர்க்கைக்கு எலுமிச்ச விளக்கு போட்டேன். திரி நின்னு எரிஞ்சுச்சு. நல்ல சகுனம்னு நெனச்சுக்கிட்டு வந்தா, கடை வாசல்ல சண்ட.

அலங்காநல்லூர்க்காரரு ஒருத்தரு. வெள்ளச் சட்ட, பெரிய மீச. சல்லிசுக்கடையில வாங்குன ஸ்பீக்கர பொட்டியோட தூக்கிக்கிட்டு நம்ம கடைக்கு வந்திருக்காரு, போன்ல சேத்துக் குடுங்கன்னு.

அவுக: "வாங்குன எடத்துல போயிக் கேளுங்க."

"அங்க கேட்டேண்ணே. அந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்கா நிறுக்கத்தான் தெரியுமாம். இதப் பத்தி ஒங்க கடையிலதான் தெரியும்னாக."

"விக்கிறது அவன், வெவரம் சொல்றது நானா? நான் என்ன மடம் நடத்துறேனா?"

"கோவிக்காதீகண்ணே. நான் காசு தாரேன்."

அவுக உள்ள போயிட்டாக. செல்வந்தான் அந்த ஆள வெளிய படிக்கட்டுல ஒக்கார வச்சு, ரெண்டு நிமிசத்துல போன்ல சேத்துக் குடுத்தான். காசு வாங்கல. மீசக்காரரு சந்தோசத்துல பொட்டிய அங்கனயே போட்டுட்டு ஸ்பீக்கர மட்டும் பைக்கு முன்னாடி வச்சுக்கிட்டு, பாட்டப் போட்டுக்கிட்டே போனாரு. தெருவே திரும்பிப் பாத்துச்சு. சத்தம் என்ன சுத்தம்! அம்புட்டு நல்ல சாமானத்த இப்படி ஊறுகாயோட சேத்துட்டானுகளே.

அவுக அதப் பாத்ததும் கொதிச்சுட்டாக. "எவன் குடியக் கெடுத்தானோ அவன் சரக்குக்கே வேலை பாக்குறியா? இல்ல, அது நீ குடுத்த சரக்குதானா?"

செல்வம் இடுப்புச் சாவியத் திருகிக்கிட்டே நின்னான்.

"பேசுடா. சரி, பேச வேணாம். ஞாயித்துக்கெழம நம்ம குலசாமி ஊரு உ.பட்டிக்குப் போவம். கருப்பு கோயில்ல கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணு, அந்த ஒரு பொட்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. நம்பிர்றேன்."

செல்வம் மொகம் வெளுத்துப் போச்சு. "அண்ணே, கருப்பு கோயில் மட்டும் வேணாம். வேற எங்க வேணாலும் வாரேன்."

அம்புட்டுத்தான். எங்க குலசாமி உனக்குத் தெரியும் மீனாச்சி. ஒன்னைய மாதிரி மன்னிக்கிற ஆளு இல்ல. அந்த வாசல்ல பொய்ச் சத்தியம் பண்ணவன் வெளங்குனதில்ல. அங்க வர மாட்டேன்னா என்ன அர்த்தம்? நான் கல்யாணமாகி வந்தப்ப அரை டவுசரு போட்டுக்கிட்டு "மதினி மதினி"ன்னு பின்னாடியே வந்தவன். அவன் திருடுவானா?

அவுக சொல்லிட்டாக: ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பெறகு அவன் தனி, நான் தனி. கடையும் வேணாம், போர்டும் வேணாம்.

3 மணியிலேருந்து ராகு காலம். அப்பப் பேசுன பேச்சு இது. ஆத்தா, அது பலிக்கக் கூடாது.


ஐப்பசி 11, புதன். மேகம். மழ இல்ல

பஸ் ஏறிப் போயிட்டேன். அவுககிட்ட, ராக்காயி அக்காவப் பாத்துட்டு வாரேன்னு சொன்னேன். (பொய். சாயந்தரம் அக்கா வீட்டுக்கும் போயிட்டு வந்து நெசமாக்கிட்டேன்.)

யப்பா, கடையா அது! உள்ள போனா சில்லுனு இருக்கு. தள்ளு வண்டி எடுத்துக்கணுமாம். நடுவுல தீவாளி சேல்னு கட்டம் கட்டி, நம்ம ஸ்பீக்கருக. ஒரு பக்கம் எலுமிச்ச ஊறுகா, ஒரு பக்கம் சோப்புத் தூள். பாய் சொன்னது நெசம்.

மேல இருந்த பொட்டியத் திருப்புனேன்.

என் பொட்டு.

நம்ம கடைக்கு வார ஒவ்வொரு பொட்டிக்கும் வலது பக்கத்து மேல் முக்குல சந்தனம் வச்சு, அதும்மேல குங்குமம் வச்சு, "வா தாயி"ன்னு சொல்லித்தான் உள்ள எடுப்பேன். வித்துப் போறப்ப கீழ் முக்குல மஞ்சத் தண்ணியில ஒரு இழுப்பு, "போயிட்டு வா தாயி"ன்னு. கடை தொறந்த நாளுலேருந்து இதான் வழக்கம். அவுக கேலி பண்ணுவாக, அட்டப் பொட்டிக்கு எதுக்குடி அலங்காரம்னு. சந்தனம் உதுந்து போயிருந்துச்சு, குங்குமக் கறை போகல. ஏங் கட்ட வெரல் ரேக எனக்குத் தெரியாதா?

அப்ப நெசமாவே நம்ம கடையிலேருந்துதான் வந்திருக்கு. செல்வம்தான்.

பக்கத்துல அரிசி மூட்ட மேல ஒக்காந்துட்டேன். சின்னப் பொண்ணு ஒண்ணு ஓடி வந்துச்சு. "அம்மா, அது விக்கிறதுக்கு, ஒக்காரக் கூடாது."

"ஒரு நிமிசம் தாயி. தல சுத்துது."

அது பாவம், தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு.

ஒண்ணும் வாங்காம வெளிய வந்தா மொறைப்பானுகன்னு ஒரு கால் கிலோ ரவை வாங்குனேன். நல்ல ரவைதான். சொல்லக் கூடாது, வெலையும் கம்மி.

வீட்டுல யார்ட்டயும் சொல்லல. செல்வம் "என்ன மதினி மொகம் ஒரு மாதிரி இருக்கு"ன்னான். நான் பதில் சொல்லாம உள்ள போயிட்டேன். நான் அவன்கிட்ட மொகத்தத் திருப்புனது இதான் மொத தடவ.


ஐப்பசி 12, வியாழன். நல்ல மழ, ஒம்பது மணிக்கு விட்டுச்சு

காலையில கடை வாசல் கூட்டுறேன். அந்த அலங்காநல்லூர்க்காரரு போட்டுட்டுப் போன காலிப் பொட்டி பாய் கடை ஓரத்துல நனஞ்சு கெடந்துச்சு. எடுத்துக் குப்பையில போடலாம்னு திருப்புனேன்.

அதுலயும் என் பொட்டு!

வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டேன். நேத்துப் பாத்தது ஒண்ணு. இது ஒண்ணு. காணாமப் போனதே ஒண்ணுதான. ரெண்டு எப்படி வரும்?

கீழ் முக்கப் பாத்தேன். மஞ்ச இல்ல. மழயில கரஞ்சிருக்குமோன்னு மோந்து பாத்தேன், தடவிப் பாத்தேன். கறையே இல்ல. மஞ்சக் கறை அட்டையில ஏறுனா எந்த மழையில போகும்? நேத்துப் பாத்ததுலயும் கீழ எதுவும் இல்ல, இப்பத்தான் ஒறைக்குது.

மஞ்ச வைக்காம நம்ம வாசலத் தாண்டுனது எது? கம்பெனி வண்டி திருப்பி எடுத்துட்டுப் போனதுக மட்டுந்தான். வாழப் போறதுக்குத்தான மஞ்ச. திருப்பி அனுப்புறதுக்கு எதுக்குன்னு அன்னைக்கு நான் வைக்கல. மனசு கஷ்டமா இருந்துச்சு, உள்ள போயி ஒக்காந்துக்கிட்டேன்.

அப்பிடிப் போடு!

வெரசாக் கெளம்பி மறுபடியும் சல்லிசுக்கடை. இந்தத் தடவ தலை சுத்தல. பொட்டிகள ஒவ்வொண்ணாத் திருப்புனேன். பொட்டு இல்லாததும் நெறய, அது எந்தெந்த ஊர்ச் சரக்கோ. என் பொட்டு வச்சது பதினொண்ணு. ரெண்டு தடவ எண்ணுனேன். பதினொண்ணுலயும் மஞ்ச இல்ல.

தண்ணி குடுத்த பொண்ணு: "என்னம்மா தேடுறீங்க?"

"நல்லதா ஒண்ணு."

"எல்லாம் ஒரே மாதிரிதாம்மா. வேணும்னா இன்னைக்கே எடுத்துக்கங்க. நாளைக்கு மத்தியானம் கம்பெனி வண்டி வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகப் போறாங்களாம். என்னமோ பிரச்சனையாம்."

எனக்குத் தெரிஞ்சு போச்சு என்ன பிரச்சனைன்னு, மாட்டிக்கிருவம்னு மறைக்கப் பாக்குறானுக. எடுத்துட்டானுகன்னா நான் என்னத்தக் காட்டுறது? போன்ல ரெண்டு போட்டோ புடிச்சேன். பாய்கிட்டக் காட்டுனா ஒதட்டப் பிதுக்குறாரு.

"போட்டோவ எவன் மதிப்பான் தங்கச்சி? நீங்களே பொட்டு வச்சுப் புடிச்சீங்கன்னுருவான். பொட்டி கையில இருக்கணும்."

"பதினொண்ணையும் எப்படி வாங்குறது? ஒரு பில்லுக்கு ரெண்டுதான்னு எழுதிப் போட்ருக்கு."

"எங்க ஊட்டுல ஆளுக இருக்கு. ஒங்களுக்குத்தான் வெள்ளிக்கெழமயானா ஒரு பட்டாளமே கூடுதே."

பாய்க்கு மூளை. அல்லா அவருக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும். நீயும் குடு.

அங்க ஒரு போர்டுல இன்னொண்ணும் பாத்தேன்: பொட்டி பிரிக்காம ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். வேற என்ன வேணும்? சீட்டு எடுத்த காசு பீரோவுல இருக்கு. அவுககிட்ட ஒண்ணும் கேக்கல, சொல்லவும் இல்ல. ஜெயிச்சுட்டுச் சொல்லிக்கிறேன்.


ஐப்பசி 13, வெள்ளி. வெயிலும் இல்ல மழயும் இல்ல

கா. 9.30க்கு ஆறு பேரு. நான், ராக்காயி அக்கா, ஒச்சம்மா, டீச்சரம்மா, மாடிவீட்டு ரெண்டு பேரு. எல்லாம் நம்ம வெளக்கு பூசைக் கூட்டம். குளிச்சு, தலையில பூ வச்சு, நெத்தி நெறயப் பொட்டு. பாயோட குட்டியானை வண்டி வெளிய நிக்குது.

வண்டியில வாரப்பவே சொல்லிட்டேன்: மேல் முக்குல குங்குமக் கறை இருக்கதத்தான் எடுக்கணும். வேற எதையும் தொடக் கூடாது. ஆளுக்கு ரெண்டு. சத்தம் போடாதீக.

சத்தம் போடாதீகன்னு யார்ட்டச் சொன்னேன்!

ஒச்சம்மா உள்ள போனதும்: "அடியே, இங்க ஒண்ணு இருக்குடி! குங்குமம்!"

"மெதுவாடி!"

"அக்கா, இதுல இருக்கது குங்குமமா, ஊறுகா கொட்டுனதா?"

ராக்காயி அக்கா மோந்து பாத்துட்டு, "ஊறுகாடி. வச்சுரு."

டீச்சரம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பரிச்சப் பேப்பரு திருத்துற மாதிரி ஒவ்வொரு பொட்டியாப் பாக்குது. மாடிவீட்டுப் பொண்ணுக நடுவுல பாசிப்பருப்பு வாங்கப் போயிருச்சுக, இழுத்துக்கிட்டு வந்தேன்.

பில் போடுற பையன் முழிக்கிறான். "என்னக்கா, எல்லாரும் ஸ்பீக்கரே வாங்குறீங்க?"

ராக்காயி அக்கா: "பஜனைப்பா. அவளுக்குக் காது கேக்காது, இவளுக்கும் கேக்காது. ஆளுக்கு ரெண்டு வேணும்."

பதினொண்ணும் வண்டியில ஏறிருச்சு. நாங்க கெளம்புறோம், கம்பெனி வண்டி உள்ள வருது. பின்னாடி திரும்பிப் பாக்காம ஒன் பேரச் சொல்லிக்கிட்டே வந்தேன் மீனாச்சி.

கடையில எறக்குனப்ப அவுக எந்திரிச்சு நின்னுட்டாக. "என்னடி இது?"

"பதினொண்ணு. எண்ணிப் பாருங்க. எல்லாத்துலயும் என் பொட்டு இருக்கு, எதுலயும் மஞ்ச இல்ல. பாய் கடை ஓரத்துல கெடந்ததும் அதான். ஆனியில போன பொட்டிக இதுக. ஒங்க தம்பி தள்ளுனது இல்ல."

அவுக குனிஞ்சு ஒவ்வொரு பொட்டி முக்கையும் வெரலால தொட்டுப் பாத்தாக. பதினெட்டு வருசமாக் கேலி பண்ண மனுசன். பிரவீன் தம்பிக்குப் போன் போட்டாக: "நாளைக்கு வாங்க. பதில் ரெடி."

செல்வம் மண்டபத்துல வேலையா இருந்தான். சாயந்தரம் வந்து பொட்டிகளப் பாத்துட்டு, ஓரமா நின்னான். நான் சொன்னேன், "தைரியமா இரு தம்பி." அவன் சிரிச்சான். அழுகிறதுக்கு முன்னாடி வார சிரிப்பு மாதிரி.


ஐப்பசி 14, சனி. தூறல்

பொட்டிகளப் படி மாதிரி அடுக்கி, பொட்டு வாசலப் பாத்து இருக்கா மாதிரி வச்சு, மேல கதம்பம் போட்டேன்.

பிரவீன் வந்ததும், "என்ன மேடம், கொலு இன்னும் எடுக்கலையா?"

"எடுக்கத்தான் ஒங்களக் கூப்பிட்டது. எண்ணுங்க தம்பி."

"பதினொண்ணு. எங்க வாங்குனீங்க?"

"திருமங்கலம் ரோட்டுக் கடையில. பில்லு இந்தா இருக்கு, ஆறு பேரு பேருல. நம்பர் பாருங்க."

அது குனிஞ்சு ஒவ்வொரு நம்பராப் போன்ல அடிச்சுப் பாத்துச்சு. நாலாவதுலயே வேர்த்துருச்சு.

நான் விடல. "எங்க நோட்டுல காணாதது ஒண்ணு. இங்க நம்ம நம்பர்ல பதினொண்ணு நிக்கிது. அந்த ஒண்ணு குட்டி போட்டுச்சா தம்பி?"

"மேடம், ரிட்டன் எடுத்த மால் எல்லாம் ஒடச்சுருவோம். அதான் கம்பெனி ரூல். ஒடச்சதா எழுத்து இருக்கு."

"ஒடச்சது எப்படி எந்திரிச்சுத் திருமங்கலம் ரோட்டுக்கு நடந்து போச்சு?"

பாய் வாசல்ல நின்னுக்கிட்டு, "காலு மொளச்சிருக்கும்"ங்கிறாரு.

மஞ்ச வெவரத்தச் சொன்னேன். மொதல்ல சிரிச்சுச்சு. பெறகு பொட்டியோட கீழ் முக்கப் பாத்துச்சு, அலமாரியில வித்து எடுத்து வச்சிருந்த பொட்டியில மஞ்ச இருக்கதப் பாத்துச்சு. சிரிப்பு நின்னுருச்சு. வெளிய போயி மழயில நனஞ்சுக்கிட்டே ரொம்ப நேரம் போன் பேசுச்சு. திரும்பி வந்து ஒக்காந்துச்சு.

"எங்க கப்பலூர் குடோன்லேருந்து மொத்தமா ஒரு பார்ட்டிக்கு வித்திருக்காங்க. ஒடச்சோம்னு எழுதிட்டாங்க. எனக்குச் சத்தியமாத் தெரியாது மேடம். எங்க கம்பெனியில ஒரு கை பண்றது இன்னொரு கைக்குச் சொல்றதில்ல. காலையில தேனியில ஒரு டீலர்கிட்டத் திட்டு, இப்ப உங்ககிட்ட."

பாவமாத்தான் இருந்துச்சு. காபி குடுத்தேன். குடிச்சு முடிக்கட்டும்னு இருந்துட்டு மூணு விசயம் சொன்னேன்.

ஒண்ணு, குடுத்த லெட்டரத் திரும்ப வாங்கிக்கிட்டு, தப்பு எங்க மேல இல்லன்னு எழுதிக் குடுக்கணும்.
ரெண்டு, செல்வத்துக்கிட்ட மன்னிப்பு.
மூணு, இனிமே புது மாடலு மொதல்ல கடைக்காரங்களுக்கு. ஊறுகா பக்கத்துல அடுக்குறதா இருந்தா எங்களுக்கு முன்னாடியே சொல்லணும்.

மூணாவதுக்கு "மேல கேட்டுச் சொல்றேன்"னுச்சு. மத்த ரெண்டும் அங்கனயே. லெட்டரு என் கண்ணு முன்னாடி எழுதுச்சு, மெயிலும் போட்டுச்சு. எந்திரிச்சு செல்வம் கையப் புடிச்சு, "சாரிண்ணே"ன்னுச்சு. செல்வத்துக்கு வெக்கம். "அட, விடுங்க சார்."

அவுக அப்பத்தான் வாயத் தொறந்தாக. "தம்பி, நான் பதினெட்டு வருசமாக் கண்ணாடிக்குள்ள வச்சு வித்தேன். நீங்க அத நாலு மாசத்துல சோப்புப் பக்கத்துல வச்சுட்டீக. வெலை கொறைங்க, வேணாங்கல. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கொறைங்க."

அது தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு.

பெறகு எல்லாத்தையும் கூட்டிப் பாத்தோம். இங்க பதினொண்ணு. ஹெட் ஆபீசு வாங்குனது ஒண்ணு. அலங்காநல்லூர் மீசக்காரருது ஒண்ணு. பதிமூணும் வந்துருச்சு. செல்வம் தள்ளல. ஒண்ணுகூடத் தள்ளல.

அவுக தம்பியப் பாத்து, "வாடா, சாப்பிட"ன்னாக. அவுக மன்னிப்புக் கேக்குறது இப்படித்தான்.


ஐப்பசி 15, ஞாயிறு. வானம் வெளுத்துருச்சு

உ.பட்டிப் பயணம் இல்ல. சத்தியமும் இல்ல. கறிக் கொழம்பு. செல்வம் மூணு தடவ சோறு வாங்குனான்.

பொட்டிகளத் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. அவுகளே சொல்லிட்டாக, கம்பெனி தாரத விடச் சல்லிசா வந்திருக்கு, நம்மளே தீவாளிக்கு விப்போம், போட்டுக் காட்டி, வெவரம் சொல்லி, வீட்டுக்கே போயி மாட்டிக் குடுத்து. அது அந்தக் கடையால முடியாதுல்ல. வாசல்ல ஒரு மேச போட்டாச்சு, செல்வம் ஒக்கார. எங்க வாங்குனாலும் இங்க சரி பண்ணித் தரப்படும்னு டீச்சரம்மா அழகா எழுதிக் குடுத்துச்சு. ராக்காயி அக்கா ரெண்டு வச்சுக்கிருச்சு. எதுக்குக்கான்னா, "வாங்கும்போதே பஜனைன்னு சொல்லிட்டேன்டி, பொய்யாகிறக் கூடாது"ங்குது.

அவுக சொன்னாக: "காணாத அந்த ஒண்ண விட்டுத் தள்ளு. ஒண்ணுதான."

எனக்கு மனசு ஆறல. செல்வத்தத் தனியாக் கூப்பிட்டு, "தம்பி, எல்லாம் சரியாயிருச்சு. அந்த ஒண்ணு மட்டும் எங்கன்னு என்கிட்டச் சொல்லிரு. அவசரத்துக்கு வித்திருந்தாலும் சரி. தப்ப ஒத்துக்கிட்டா கருப்பு மன்னிக்கும்"னு ரொம்ப நேரம் புத்தி சொன்னேன்.

அவன் என்னையவே பாத்தான். "மதினி, நெசமாவே கேக்குறீகளா?"

"பின்ன?"

"சரி விடுங்க. நல்லாருப்பீக"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். எனக்குச் சுருக்குன்னு கோவம். அம்புட்டு பாடுபட்டவகிட்டச் சொல்ல மாட்டேங்கிறானே.


ஐப்பசி 16, திங்கள். மழ. துணி காயல

பேரன் தவந்து போயி அலமாரிக் கண்ணாடியில மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டு நிக்கிறான். எட்டு மாசம் முடிஞ்சுருச்சு. சிவராத்திரி அன்னைக்குப் பெறந்தவன்.

வாங்க: பொரி, நல்லெண்ண, தீவாளிச் சீல.

பிரவீன் மெசேஜ்: "மேலிடத்துல பேசிக்கிட்டிருக்கேன் மேடம்." பாப்போம். நான் விடுறதா இல்ல.

4 மணிக்கு உ.பட்டியிலேருந்து பூசாரி மாமா போன். கார்த்திகைக்கு எண்ணெ வாங்கித் தரணுமாம். அவரு பேசுறது பாதி கேக்கல, பின்னாடி சாமி பாட்டு. முன்னாடியெல்லாம் அந்தக் கோயில் கொழாய் ஸ்பீக்கருல கரகரன்னு தகரத்த இழுக்குற மாதிரி இருக்கும். இன்னைக்கு அப்படி இல்ல. உடுக்குச் சத்தம் தனியா, மணிச் சத்தம் தனியா, அம்புட்டு தெளிவு.

"என்ன மாமா, கோயிலுக்குப் புது செட்டா?"

"என்னத்தா, தெரியாத மாதிரி கேக்குற!"ன்னு சிரிச்சாரு. லைன் போயிருச்சு.

சிவராத்திரி. மாசி. அன்னைக்குக் காலையில நான் கடையில இருக்கேன், மருமகன் போன் போடுறாரு, மகளுக்கு வலி வந்துருச்சு, பிள்ளை குறுக்க கெடக்குன்னு. ஆட்டோவுல ஒரு காலு, வாசல்ல ஒரு காலு. செல்வம் அப்பத்தான் கருப்பு கோயிலுக்குக் கெளம்பிக்கிட்டிருக்கான். கையும் ஓடல காலும் ஓடல எனக்கு, அப்பச் செஞ்சது எதுவும் பெறகு நெனப்புல இல்ல. குடோனத் தொறக்கச் சொல்லி, இந்த ஸ்பீக்கர எடுத்துட்டுப் போயி கருப்பு காலடியில வச்சுரு, எம் மகள ரெண்டாக்கிக் குடுத்துரச் சொல்லு, ஒங்கண்ணனுக்கு மட்டும் தெரியவே கூடாது, அந்த வாசல்லயே சத்தியம் பண்ணிட்டு வான்னு சொல்லி, மஞ்சக் கிண்ணத்த எடுத்து அந்தப் பொட்டியோட கீழ் முக்குல ஒரு இழுப்பு இழுத்து, "போயிட்டு வா தாயி"ன்னு அனுப்பி வச்சது நாந்தான்.